கண் முன் மிதக்கும் கரும்புள்ளிகள்: அஞ்சத் தேவையில்லாதவை எவை? உடனே மருத்துவரை நாட வேண்டியவை எவை?

வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ பார்க்கும்போது, கண்ணுக்கு முன்னால் சிறு புள்ளிகளும் நூலிழைகளும் சிலந்தி வலைத் துணுக்குகளும் மிதந்து செல்வதைப் பலரும் கண்டிருப்பார்கள். அவற்றை நேராகப் பார்க்க முயன்றால் விலகி ஓடும். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தினால் மெல்ல நகர்ந்து அடங்கும். கண் மருத்துவர்கள் இவற்றை 'ஃப்ளோட்டர்ஸ்' என்கின்றனர். தமிழில் மிதக்கும் புள்ளிகள் அல்லது கண் மிதவைகள் எனலாம்.

பெரும்பாலானோருக்கு இவை வயது கூடும்போது தோன்றும் இயல்பான மாற்றமே. பார்வையைப் பறிக்காது, சிகிச்சையும் தேவைப்படாது. ஆயினும், மிகச் சிலருக்கு இதே புள்ளிகள் விழித்திரை கிழிந்திருப்பதற்கான முதல் அறிகுறியாக அமைகின்றன. கிழிசல் ஏற்பட்டால் கண் வலிப்பதில்லை, சிவப்பதில்லை, நீர் வடிவதுமில்லை. வலி இல்லாததால் பலர் காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பே பார்வை இழப்பில் முடிந்துவிடக்கூடும்.

ஆபத்தில்லாத புள்ளியையும் ஆபத்தான புள்ளியையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்து வரும் ஓரிரு புள்ளிகள் பொதுவாக அச்சத்திற்கு உரியவை அல்ல. திடீரெனப் புதிதாகத் தோன்றுபவையும், சட்டெனப் பெருகுபவையும், ஒளிக்கீற்றுகளுடன் வருபவையும் அன்றே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை.

கண்ணுக்குள் மிதப்பது என்ன?

மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். அதன் முன்புறத்தில் ஒளியைக் குவிக்கும் லென்ஸும், பின்புற உட்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய விழித்திரையும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தை, அதாவது கண்ணின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை, விட்ரியஸ் எனப்படும் தெளிந்த ஜெல் நிரப்பியிருக்கிறது. அதன் அளவு சுமார் 4 மில்லிலிட்டர். அதில் 98 சதவீதத்துக்கும் மேல் நீர்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொலாஜன் இழைகளும் ஹயலூரானிக் அமிலமும் அந்த நீரைக் கட்டிப்பிடித்து ஜெல் வடிவில் வைத்திருக்கின்றன.

இளமையில் இந்த ஜெல் சீராகவும் கெட்டியாகவும் இருக்கும். வயது ஏற ஏற, அதன் சில பகுதிகள் நீர்த்துப்போகின்றன. அதுவரை சீராகப் பரவியிருந்த கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு திரள்களாகின்றன. கண்ணுக்குள் நுழையும் ஒளி இத்திரள்களின் மீது படும்போது, அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. நாம் புள்ளியாகவும் இழையாகவும் காண்பது அந்த நிழலையே. அவை விழியின் மேற்பரப்பில் இல்லை. ஆகவே கண்ணைக் கழுவினாலும் கசக்கினாலும் அகலுவதில்லை.

கண் அசையும்போது உள்ளிருக்கும் ஜெல்லும் அசைவதால் நிழலும் சேர்ந்து ஓடுகிறது. கண் நின்ற பிறகும் ஜெல் சற்று நேரம் ஆடிக்கொண்டிருப்பதால் நிழல் மெல்ல மிதக்கிறது. வெளிச்சமான, ஒரே நிறமுள்ள பின்னணியில் நிழல் துலக்கமாகத் தெரியும். வானம், வெள்ளைச் சுவர், புத்தகத்தின் தாள், கணினித் திரை ஆகியவற்றைப் பார்க்கும்போது புள்ளிகள் அதிகம் தென்படுவதற்கு இதுவே காரணம். கைபேசியையும் கணினியையும் நெடுநேரம் பார்ப்பதால் மிதவைகள் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருப்பவை அந்த வெண்திரையில் எடுப்பாகத் தெரிகின்றன, அவ்வளவே.

இந்த அனுபவம் மனிதர்களுக்குப் புதிதன்று. பழைய ஐரோப்பிய மருத்துவ நூல்கள் இதை 'பறக்கும் ஈக்கள்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களால் குறித்தன. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டு விழித்திரையைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பின்னரே, உயிருள்ள ஒருவரின் கண்ணின் உட்புறத்தை மருத்துவர்கள் நேரடியாக ஆராயும் வழி திறந்தது.

'கண்ணில் பூச்சி பறப்பது' எல்லாம் ஒன்றல்ல

தமிழில் 'கண்ணில் பூச்சி பறக்கிறது' என்பது வெவ்வேறு உடல்நிலைகளைக் குறிக்கும் பொதுச் சொல்லாக வழங்குகிறது. மருத்துவரிடம் அப்படி மட்டும் சொன்னால் நோயை அறிவதில் குழப்பம் ஏற்படலாம். அச்சொல்லின் கீழ் வரும் நிலைகளைப் பிரித்து அறிவது நல்லது.

பசி, நீரிழப்பு, இரத்த அழுத்தக் குறைவு போன்றவற்றால் திடீரென எழுந்து நிற்கும்போது இரு கண்களிலும் மினுமினுப்பும் இருளும் தோன்றும்; உட்கார்ந்தாலோ படுத்தாலோ சில நொடிகளில் மறையும். இது மூளைக்கும் கண்ணுக்கும் செல்லும் இரத்த ஓட்டம் கணநேரம் குறைவதால் வருவது.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வளைந்து நெளிந்த, பளபளக்கும் கோடுகள் பார்வையின் ஒரு பகுதியில் தோன்றிப் படிப்படியாக விரிந்து, பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களில் மறையும். ஒரு கண்ணை மூடினாலும் மற்ற கண்ணில் அது தெரியும். அதைத் தொடர்ந்து தலைவலி வரலாம், வராமலும் போகலாம். இதன் பிறப்பிடம் மூளை, கண் அன்று. வாழ்வில் முதல் முறையாக இப்படி நேர்ந்தாலும், பேச்சுக் குழறலோ கை கால் பலவீனமோ உடன் இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவ உதவி பெற வேண்டும்.

நீல வானத்தை உற்றுப் பார்க்கும்போது, மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் விரைந்து வளைந்து ஓடி மறைவதுண்டு. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் வெள்ளணுக்கள் செல்வதே அப்படித் தெரிகிறது. இது முற்றிலும் இயல்பானது.

பார்வையின் நடுவில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் கருமை, மிதவை ஆகாது. அது விழித்திரையின் மையப் பகுதியிலோ பார்வை நரம்பிலோ கோளாறு இருப்பதைக் காட்டலாம் என்பதால், விரைவில் பரிசோதிக்கப்பட வேண்டும்.

ஜெல் சுவரை விட்டு விலகும் தருணம்

நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு நாள் திடீரென ஒரு கண்ணில் வளையம் போன்ற பெரிய மிதவை தோன்றுவதுண்டு. நீர்த்துச் சுருங்கிய விட்ரியஸ் ஜெல், விழித்திரையை விட்டு முன்னோக்கிப் பிரிவதே இதற்குக் காரணம். ஐம்பது வயதுக்குப் பிறகு இது மிகப் பொதுவாக நிகழ்கிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு முன்னதாகவே நேரலாம். ஒரு கண்ணில் நிகழ்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் மறு கண்ணிலும் நிகழ்வது வழக்கம்.

ஜெல் பிரியும்போது விழித்திரையைச் சற்றே இழுக்கிறது. விழித்திரைக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. இழுப்பு, அழுத்தம், ஒளி என எது தீண்டினாலும் அது மூளைக்கு ஒளியாகவே செய்தி அனுப்பும். ஆகவே இழுபடும்போது, பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போன்ற கீற்றுகள் தெரிகின்றன. இருட்டிலும், கண்ணைச் சட்டெனத் திருப்பும்போதும் இவை எடுப்பாகத் தெரியும்.

பெரும்பாலானோருக்கு ஜெல் சிக்கலின்றிப் பிரிந்துவிடுகிறது. சில வாரங்களில் மின்னல் குறைகிறது. மிதவையும் நாளடைவில் கவனத்திலிருந்து மங்குகிறது. ஆனால் ஜெல் விழித்திரையோடு இறுகப் பற்றியிருக்கும் இடங்களில், பிரியும் விசை விழித்திரையையே கிழித்துவிடக்கூடும். இவ்வாறு திடீரென மிதவைகளோ ஒளிக்கீற்றுகளோ தோன்றி, கண் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கு, அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு, விழித்திரை கிழிந்திருந்தது என்பது அதன் முடிவு. எஞ்சிய ஆறு பேருக்குக் கிழிசல் இல்லை. அந்த ஏழு பேரில் தாம் யார் என்பதைக் கண்பாவையை விரித்துப் பரிசோதிக்காமல் எவராலும் சொல்ல இயலாது.

கிழிசலிலிருந்து பார்வை இழப்பு வரை

விழித்திரையில் விழுந்த கிழிசல் வழியாக, நீர்த்த விட்ரியஸ் உள்ளே புகுந்து விழித்திரைக்குப் பின்னால் தேங்குகிறது. சுவரில் ஒட்டிய காகிதத்தின் பின்னால் ஈரம் இறங்கினால் காகிதம் உப்பிப் பெயர்வது போல, விழித்திரையும் தன் இடத்தை விட்டுப் பெயர்கிறது. இதுவே விழித்திரை விலகல். தனக்கு ஊட்டமளிக்கும் அடுக்கிலிருந்து பிரிந்த பகுதி பார்வையை இழக்கத் தொடங்குகிறது. அந்த இழப்பை நோயாளி, பார்வையின் ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் நிழலாகவோ திரைச்சீலையாகவோ உணர்கிறார்.

விலகல் பொதுவாக ஓரத்தில் தொடங்கி மையத்தை நோக்கிப் பரவும். மையத்தில் உள்ள மேக்குலா என்னும் சிறு பகுதிதான் எழுத்தைப் படிக்கவும், முகத்தை அடையாளம் காணவும், ஊசியில் நூல் கோக்கவும் உதவும் கூர்மையான பார்வையைத் தருகிறது. மேக்குலா ஒட்டியிருக்கும்போதே அறுவை சிகிச்சை நடந்தால் நல்ல பார்வையைக் காக்கும் வாய்ப்பு மிக அதிகம். அது விலகிய பின் சிகிச்சை வெற்றி பெற்றாலும், பழைய கூர்மை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். இந்த இடைவெளி சிலருக்குச் சில நாள்கள். சிலருக்குச் சில மணி நேரமே. அதனால்தான் 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்ற முடிவு இந்த நோயில் விலை மிகுந்ததாகிவிடுகிறது.

விழித்திரை விலகல் அரிய நோயே. ஆண்டொன்றுக்குச் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படுவதாகக் கணிக்கப்படுகிறது. அரிதானது என்றாலும், சிகிச்சை பெறாவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் முற்றிலும் பறிபோகும்.

அன்றே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் எது தோன்றினாலும், அன்றைய தினமே, இயலாவிடில் 24 மணி நேரத்துக்குள், கண் மருத்துவரைக் காண வேண்டும்.

• இதுவரை இல்லாத மிதவைகள் திடீரெனத் தோன்றுதல், அல்லது இருந்தவை சட்டெனப் பெருகுதல்
• மை தெளித்தது போலவோ, கரித்தூள் தூவியது போலவோ, புகை படர்ந்தது போலவோ எண்ணற்ற நுண்புள்ளிகள் தெரிதல். இது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருப்பதைக் காட்டலாம்
• பார்வையின் ஓரத்தில் மீண்டும் மீண்டும் மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள் வெட்டுதல்
• மேலிருந்தோ, கீழிருந்தோ, பக்கவாட்டிலிருந்தோ நிழல் அல்லது திரை பார்வையை மறைத்தல்
• ஒரு கண்ணின் பார்வை திடீரென மங்குதல், அல்லது நேர்க்கோடுகள் வளைந்து தெரிதல்
• பந்து, இறகுப்பந்து, பட்டாசு, கைமுட்டி போன்றவற்றால் கண்ணில் அடிபட்ட பின் மிதவைகள் தோன்றுதல்
• மிதவைகளுடன் கண் சிவத்தல், வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை
• கண் அறுவை சிகிச்சை அல்லது கண்ணுக்குள் ஊசி போட்ட பின்னர் இத்தகைய மாற்றங்கள் தோன்றுதல்

இரு கண்களும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்ற கண் ஈடுசெய்துவிடும். ஆகவே ஐயம் எழுந்தால், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மறு கண்ணால் வெள்ளைச் சுவரைப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். ஓரப்பார்வையில் எங்கேனும் மறைவு இருக்கிறதா என்பதும் இதில் தெரியவரும். ஆனால் இந்தச் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் கிழிசல் இல்லை என்று பொருளாகாது. மேற்கண்ட அறிகுறிகள் இருந்தால் மருத்துவரைக் காண்பதைத் தவிர்க்கக் கூடாது.

யாருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை?

கிட்டப்பார்வை உள்ளவர்கள் முதலிடம் பெறுகின்றனர். அவர்களுடைய கண் நீளவாக்கில் வளர்ந்திருப்பதால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். குறிப்பாகக் கண்ணாடியின் அளவு மைனஸ் 6க்கு மேல் இருப்பவர்கள், இளம் வயதினராயினும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. லேசர் சிகிச்சையால் கண்ணாடியைத் துறந்தவர்களுக்கும் இது பொருந்தும். லேசர் கண்ணின் முன்பகுதியை மட்டுமே திருத்துகிறது. நீண்ட கண்ணும் மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கின்றன.

இந்தியாவில் ஆண்டுதோறும் பல லட்சம் பேர் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்கின்றனர். புரை நீங்கியதும் ஒளி தெளிவாக உள்ளே செல்வதால், முன்பே இருந்த மிதவைகள் புதிதாகக் கண்ணில் படலாம். அதே வேளையில், இந்த அறுவைக்குப் பின் விழித்திரை விலகும் வாய்ப்பும் சற்று அதிகரிக்கிறது. எனவே 'அறுவை செய்த கண்தானே, பழகிவிடும்' என்று இருந்துவிடாமல், அறுவை செய்த மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

குடும்பத்தில் எவருக்கேனும் விழித்திரை விலகல் ஏற்பட்டிருந்தாலும், முன்பு ஒரு கண்ணில் நேர்ந்திருந்தாலும், விழித்திரை ஓரத்தில் மெலிவு இருப்பதாக மருத்துவர் கூறியிருந்தாலும் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளின் நிலை தனித்து நோக்கத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நீண்ட காலம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது, விழித்திரையில் பலவீனமான புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடைந்து விட்ரியஸுக்குள் இரத்தம் கசியும். அதுவரை எந்தத் தொல்லையும் உணராத ஒருவர், ஒரு காலையில் கண் முன் கருஞ்சிவப்பு இழைகளோ மூட்டமோ ஆடுவதைக் காண்பார். நீரிழிவு நோயாளிக்கு மிதவை என்பது முதல் எச்சரிக்கை அன்று. பாதிப்பு வெகுதூரம் முன்னேறியதன் அடையாளம். இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயே ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

மிதவை முதியவர்களின் தொல்லை என்று இளைஞர்கள் கருதிவிடவும் கூடாது. 1880ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் விவரித்த, அவர் பெயரால் அழைக்கப்படும் ஈல்ஸ் நோய், மேலை நாடுகளில் அரிதாகி, இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் காணப்படுகிறது. இது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்கு உட்பட்ட, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் ஆண்களைத் தாக்குகிறது. விழித்திரையின் ஓர இரத்தக் குழாய்கள் வீங்கி அடைபட்டு, கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்குகின்றன. காசநோய்க் கிருமிக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. இளைஞர் ஒருவருக்கு ஒரு கண்ணில் திடீரென மிதவைகள் பெருகினால் இந்த நோயையும் மருத்துவர் மனத்தில் கொள்வார்.

கண்ணின் உட்புற அழற்சியும் மிதவைகளை உருவாக்கும். காசநோய், டாக்சோபிளாஸ்மா போன்ற தொற்றுகளாலும், உடலின் எதிர்ப்பாற்றல் கோளாறுகளாலும் இது வரலாம். இத்தகைய மிதவைகளுக்கு மூலநோயைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதே தீர்வு.

பரிசோதனை எப்படி நடைபெறும்?

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டி, பார்வை சரியாக இருப்பதாக அறிந்து திரும்புவது இதற்குப் போதாது. கடைசி வரி வரை தெளிவாகப் படிப்பவரின் விழித்திரை ஓரத்திலும் கிழிசல் இருக்கலாம்.

மருத்துவர் முதலில் பார்வைத் திறனையும் கண் அழுத்தத்தையும் அளப்பார். பிறகு கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடப்படும். பாவை விரிய ஏறத்தாழ அரை மணி நேரமாகும். அதன் பின், தலையில் பொருத்திய விளக்கும் கையில் பிடித்த லென்ஸும் கொண்டு விழித்திரையின் ஓரங்கள் வரை மருத்துவர் ஆராய்வார். ஓரங்களை முழுமையாகக் காண, இமையின் மீது சிறு கருவியால் மென்மையாக அழுத்துவதும் உண்டு. இரத்தக் கசிவால் உட்புறம் தெரியாவிட்டால், பி-ஸ்கேன் எனப்படும் ஒலி அலைப் பரிசோதனை உதவும்.

சொட்டு மருந்தின் விளைவு சில மணி நேரம் நீடிக்கும். அதுவரை அருகிலுள்ளவை மங்கும், வெளிச்சம் கூசும். வாகனம் ஓட்டக் கூடாது. ஆகவே துணைக்கு ஒருவரையும், குளிர்கண்ணாடியையும் அழைத்தும் எடுத்தும் செல்வது நல்லது. உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பழைய கண்ணாடிச் சீட்டு, நீரிழிவு மற்றும் இரத்த அழுத்த அளவுகள், காப்பீட்டு அட்டை ஆகியவை உடனிருந்தால் காலம் மிச்சமாகும்.

கூட்டம் மிகுந்த மருத்துவமனைகளில் 'கண்ணில் பூச்சி தெரிகிறது' என்று மட்டும் சொன்னால், வழக்கமான வரிசையில் அமர்த்தப்படலாம். 'நேற்று மாலை முதல் வலது கண்ணில் திடீரெனப் புள்ளிகளும் மின்னலும் தெரிகின்றன. ஓரத்தில் நிழல் மறைக்கிறது' என எந்தக் கண், எப்போது முதல், உடன் என்ன என்பதைக் குறிப்பிட்டுச் சொன்னால், அவசரத்தின் அளவு அங்கிருப்பவர்களுக்கு உடனே விளங்கும்.

முதல் பரிசோதனையில் கிழிசல் இல்லை என்று தெரிந்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை. ஜெல் பிரியும் நிகழ்வு முழுமையடையச் சில வாரங்கள் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் சிலருக்குப் புதிய கிழிசல் தோன்றுவதுண்டு. எனவே நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் வரும்படி மருத்துவர் கூறுவது வழக்கம். அதற்கு முன்பே புள்ளிகள் பெருகினாலோ நிழல் தோன்றினாலோ குறித்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை முறைகள்

கிழிசல் மட்டும் இருந்து விழித்திரை விலகாத நிலையில், சிகிச்சை எளியது. கிழிசலைச் சுற்றி லேசர் கதிரால் சிறு சிறு தழும்புகள் உண்டாக்கப்படுகின்றன. அவை விழித்திரையைச் சுவரோடு பற்ற வைத்து, நீர் பின்னால் புகாமல் தடுக்கின்றன. சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் வெளிநோயாளியாகவே இதைச் செய்துகொள்ளலாம். தழும்பு உறுதி பெற ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். கதிர் எட்டாத இடங்களில், உறையவைக்கும் முறை பயன்படுத்தப்படுகிறது. பழைய மிதவைகளை இது நீக்குவதில்லை; பார்வை பறிபோவதைத் தடுக்கிறது.

விழித்திரை விலகிவிட்டால் அறுவை சிகிச்சை தேவை. நிலைமைக்கேற்ப, கண்ணுக்குள் வாயுக் குமிழியைச் செலுத்துதல், கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டையைப் பொருத்துதல், விட்ரியஸ் ஜெல்லை அகற்றி வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புதல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ கையாளப்படும். பத்தில் எட்டு முதல் ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே விழித்திரை மீண்டும் ஒட்டிவிடுகிறது. வாயு நிரப்பியவர்கள் மருத்துவர் கூறும் நிலையில், சில வேளை குப்புறக் கவிழ்ந்து, சில நாள்கள் தலையை வைத்திருக்க வேண்டும். வாயு முழுமையாகக் கரையும் வரை விமானப் பயணமும் உயர்ந்த மலைப்பகுதிகளுக்குச் செல்வதும் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழி விரிந்து, கண்ணின் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு விழித்திரை விலகல் ஏறத்தாழ தீரா நோயாகவே இருந்தது. கிழிசலே விலகலுக்குக் காரணம், அதை மூடினால் விழித்திரை ஒட்டும் என்பதை 1920களில் நிலைநாட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனின். இன்றைய லேசர் வரை எல்லாச் சிகிச்சைகளும் அந்த அடிப்படையிலேயே நிற்கின்றன. இந்தியாவிலும் தில்லி எய்ம்ஸ் வளாகத்தின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம், ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, மதுரையின் அரவிந்த், சென்னையின் சங்கர நேத்ராலயா, 1819ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்றவை விழித்திரைச் சிகிச்சை அளித்து வருகின்றன. அருகில் விழித்திரை நிபுணர் இல்லாத ஊர்களில், முதலில் மாவட்ட மருத்துவமனையின் கண் பிரிவை அணுகி, அங்கிருந்து பரிந்துரை பெற்றுச் செல்லலாம்.

பழைய மிதவைகளுடன் வாழ்வது எப்படி?

பரிசோதனையில் விழித்திரை நலமாக இருப்பது உறுதியானால், மிதவைகளைப் பொருட்படுத்தாமல் விடுவதே பெரும்பாலானோருக்கு ஏற்ற வழி. நாளடைவில் அவை பார்வைப் பாதையிலிருந்து கீழே இறங்குகின்றன. மூளையும் அவற்றைப் புறக்கணிக்கப் பழகுகிறது. புள்ளி நடுவில் நின்று படிக்க இடையூறு செய்தால், கண்ணை மேலும் கீழுமாக அசைத்து அதை ஒதுக்கிவிடலாம். திரையின் பிரகாசத்தைக் குறைப்பதும், வெயிலில் குளிர்கண்ணாடி அணிவதும் தொல்லையைத் தணிக்கும்.

அன்றாடப் பணியே இயலாத அளவுக்குத் தொல்லை இருந்தால், இரு வழிகள் உள்ளன. ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமி அறுவை மிதவைகளைப் போக்கும். ஆனால் கண்புரை, விழித்திரை விலகல், தொற்று ஆகிய ஆபத்துகள் அதில் உண்டு. யாக் லேசரால் மிதவைகளைச் சிதறடிக்கும் முறை, குறிப்பிட்ட வகை மிதவைகளுக்கே பொருந்தும். பலனும் ஒரே சீராக அமைவதில்லை. தீங்கற்ற ஒரு தொல்லைக்காக இந்த ஆபத்துகளை ஏற்கலாமா என்பதை மருத்துவருடன் நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

மிதவைகளைக் கரைப்பதாக உறுதி செய்யப்பட்ட சொட்டு மருந்தோ மாத்திரையோ இன்று இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து விட்ரியஸில் உள்ள திரள்களை அகற்றாது. அது பலிக்குமெனக் காத்திருக்கும் நாள்களில் கிழிசல் விலகலாக மாறிவிடலாம். மருத்துவர் பரிந்துரையின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நெடுநாள் இட்டால் கண் அழுத்தமும் புரையும் உண்டாகும்.

தாய்ப்பால், தேன், மூலிகைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவது தொற்றை வரவழைத்துக் கருவிழியைப் புண்ணாக்கும். பொன்னாங்கண்ணிக் கீரையும் முருங்கைக் கீரையும் உடலுக்கு நல்ல உணவுகளே. எனினும் அவற்றை உண்பதால் மிதவைகள் மறைவதில்லை. கண் பயிற்சிகளாலும் அவை கரையா. 'வயதாகிவிட்டது, புரை வளர்கிறது' என்று தாமே முடிவு செய்வதும் ஆபத்தே. கண்புரை பார்வையை மாதக்கணக்கில் மெல்ல மங்கச் செய்யுமே அன்றி, ஒரே நாளில் புள்ளிகளையும் மின்னலையும் கொண்டுவராது.

வீட்டில் முதியவர் ஒருவர் 'கண்ணில் ஏதோ பறக்கிறது' என்று சொன்னால், எப்போது முதல், எந்தக் கண்ணில், மின்னலும் தெரிகிறதா, ஓரத்தில் மறைக்கிறதா என்ற நான்கு கேள்விகளைக் கேட்பது குடும்பத்தினரின் பொறுப்பு. 'பல வருடமாக இருக்கிறது' என்ற விடை வந்தால் அடுத்த கண் பரிசோதனையின்போது மருத்துவரிடம் கூறலாம். 'நேற்றுதான்' என்ற விடை வந்தால், அன்றைய வேலைகளில் மருத்துவமனைக்குச் செல்வதே முதலாவதாக இருக்க வேண்டும்.